ஞாயிற்றுக்கிழமை ஐ.எல்.ஆரை யார் பார்த்தது?

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு (பி.எச்.சி.) 'டீம் வருது' என்று தெரிந்தால் ஒரு வாரத்துக்கு முன்பே சுவருக்கு வெள்ளை அடித்து, பூந்தொட்டி வைத்து, பதிவேடுகளுக்குப் புது அட்டை போட்டுவிடுவார்கள். இதைப் பார்த்துப் பார்த்து, தரச் சான்று என்றாலே பெயின்ட்டுக்கும் போர்டுக்கும் மார்க் போடுகிற வேலை என்று நிறையப் பேர் நினைத்துவிட்டார்கள். ஆய்வுக்கு வருகிறவர் கையில் இருக்கும் பட்டியலைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் அப்படி நினைக்கத் தோன்றாது.

அந்தப் பட்டியலின் பெயர் என்குவாஸ், அதாவது தேசியத் தர உறுதித் தரநிலைகள். மத்திய சுகாதார அமைச்சகம் 2013ல் இதை முதலில் மாவட்ட மருத்துவமனைகளுக்குக் கொண்டுவந்தது, அப்புறம் கிராமத்து பி.எச்.சி. வரை வந்துசேர்ந்தது. மொத்தம் 8 பகுதிகள். ஒவ்வொரு கேள்விக்கும் 0, 1, 2 என மதிப்பெண். 70 சதவீதம் எடுத்தால் சான்று, அது 3 வருடம் செல்லும்.

இவ்வளவு கேள்வி எதற்கு, எத்தனை பேர் குணமானார்கள் என்று எண்ணிப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். பெரிய மருத்துவமனையில் அந்தக் கணக்கு ஓரளவு ஒத்துவரும். மாதம் பத்துப் பிரசவம் நடக்கிற ஒரு பி.எச்.சி.யை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் முழுக்க அங்கே ஒரு தாய்கூட இறக்கவில்லை என்பதால் மட்டும் அங்கே கவனிப்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் எண்ணிக்கை சின்னது, மோசமான இடத்திலும் அதிர்ஷ்டத்தில் ஒரு வருடம் நல்லபடியாக ஓடிவிடும். அவெதிஸ் டோனபெடியன் என்ற மருத்துவர் 1966ல் ஒரு வழி சொன்னார்: என்ன இருக்கிறது, என்ன செய்கிறார்கள், என்ன விளைகிறது, மூன்றையும் சேர்த்துப் பாருங்கள் என்று. இன்றைக்கு உலகம் முழுக்க மருத்துவத் தரத்தை அளக்கிறவர்கள் பெரும்பாலும் அந்த மூன்றை வைத்துத்தான் அளக்கிறார்கள்.

சரி, எப்படி அளக்கிறார்கள்? பட்டியலில் ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் அதை எப்படித் தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் எழுதியிருக்கும். நேரில் பார், ஊழியரைக் கேள், பதிவேட்டைப் படி, நோயாளியைக் கேள். இந்த நாலுதான். ஒன்று சொல்வதை இன்னொன்றோடு ஒட்டிப் பார்க்கும்போதுதான் எது நிஜம் என்று தெரியவரும். என்னைக் கேட்டால் மொத்த ஆய்வின் உயிரே இந்த ஒட்டிப்பார்ப்பில்தான் இருக்கிறது.

தடுப்பூசி வைக்கும் ஐ.எல்.ஆரை, அதாவது பனி சூழ்ந்த குளிர்பெட்டியை எடுத்துக்கொள்வோம். பார்க்க ஐஸ்கிரீம் பெட்டி மாதிரி மேல்பக்கம் திறக்கும், குளிர்ந்த காற்று கனமானது என்பதால் மூடியைத் திறந்தாலும் கீழேயே தங்கிவிடும். பெட்டியின் உட்சுவரைச் சுற்றி உறைந்த நீர் இருக்கும், மின்சாரம் போனால் அந்தப் பனிதான் காப்பாற்றுகிறது, நாளுக்கு 8 மணி நேரம் கரன்ட் இருந்தாலே தாக்குப்பிடிக்கும். உள்ளே 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், அதைத் தினமும் காலையும் மாலையும் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும், விடுமுறை நாளிலும்.

ஆய்வாளர் அந்தப் பதிவேட்டை எடுத்து ஒரு மாதத்தை நிதானமாகப் பார்ப்பார். முப்பது நாளும் 4, 4, 4 என்று ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதியிருந்தால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும், ஏனென்றால் எந்தப் பெட்டியும் அப்படி இருக்காது, தடுப்பூசி நாளில் நாலு தடவை மூடியைத் திறந்தால் கொஞ்சமாவது ஏறும். அப்புறம் செவிலியரிடம் கேட்பார்: போன ஞாயிற்றுக்கிழமை யார் பார்த்தது, அறைச் சாவி யாரிடம் இருந்தது, அன்றைக்கு கரன்ட் போச்சா? வெப்பநிலையைத் தானாகவே பதிவு செய்து அனுப்பும் கருவியும் இப்போது பல இடங்களில் பெட்டிக்குள் இருக்கிறது, அது சொல்வதும் பதிவேடு சொல்வதும் ஒத்துப்போகிறதா என்றும் பார்க்கலாம்.

அடுத்து ஒரு தடுப்பூசிக் குப்பியைக் கையில் எடுப்பார். லேபிளிலோ மூடியிலோ ஊதா நிறத்தில் ஒரு சின்ன வட்டம், அதன் நடுவே வெளிறிய ஒரு சதுரம். அந்தச் சதுரத்தில் பூசியிருக்கும் வேதிப்பொருள் வெப்பம் படப்பட மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு கருத்துக்கொண்டே போகும், ஒருமுறை கருத்தால் திரும்ப வெளுக்காது, தொழிற்சாலையிலிருந்து இந்த அறை வரை குப்பி பட்ட சூடு அத்தனையும் அதில் கூடிக்கொண்டே வந்திருக்கும். சதுரம் வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் குப்பியைத் தூக்கிப்போட வேண்டியதுதான். போலியோ சொட்டு மருந்தின் சதுரம் 37 டிகிரியில் 2 நாளில் அந்த நிலைக்கு வந்துவிடும், சூட்டை நன்றாகத் தாங்கும் மருந்துகளுக்கு 14 நாள், 30 நாள் என்று வேறு வகை உண்டு.

ஆனால் அந்தச் சதுரத்துக்கு ஒரு குறை, அது சூட்டை மட்டும்தான் காட்டும், உறைந்துபோனதைக் காட்டாது. பெண்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி), ஹெபடைடிஸ் பி போன்ற தடுப்பூசிகளில் அலுமினிய உப்பு இருக்கிறது, உறைந்தால் அது கட்டிகட்டியாகத் திரண்டு மருந்தின் வீரியம் போய்விடும், உருகிய பிறகு பார்த்தால் சாதாரணமாகத்தான் தெரியும். அதனால்தான் இந்த மருந்துகளை அடியிலோ சுவரை ஒட்டியோ வைக்காமல் கூடையில் வைக்கச் சொல்கிறார்கள். சந்தேகம் வந்தால் வேண்டுமென்றே உறைய வைத்து உருக்கிய ஒரு குப்பியையும் சந்தேகப்பட்ட குப்பியையும் ஒன்றாகக் குலுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், உறைந்ததில் வண்டல் வேகமாக அடியில் இறங்கும். 'எப்படிச் செய்வீங்க, சொல்லுங்க சிஸ்டர்' என்று கேட்டதும் தயங்காமல் விளக்குகிறாரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

பிரசவ அறையிலும் இதே முறைதான். வலி எடுத்துப் படுத்திருக்கும் பெண்ணின் பார்ட்டோகிராஃப் தாளில், அதாவது பிரசவம் எப்படிப் போகிறது என்று கோடு போட்டுக் காட்டும் தாளில், இந்த நேரம் வரைக்கும் குறிப்பு இருக்க வேண்டும், குழந்தையின் இதயத் துடிப்பு அரை மணிக்கு ஒருமுறை, கருப்பை வாய் விரிவு 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. குழந்தை பிறந்த பிறகு உட்கார்ந்து நிரப்பிய தாளில் கோடு வழவழவென்று நேராகப் போகும், ஆனால் அது யாருக்கும் உதவாது, கோடு எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டும்போது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்காகத்தானே அந்தத் தாளே இருக்கிறது. மூச்சுவிடாமல் பிறந்த குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் பையும் முகமூடியும் வைத்துக் காற்று கொடுக்க ஆரம்பிக்க வேண்டும். அதைப் பொம்மையில் செய்துகாட்டச் சொல்வார். முகமூடி இடைவெளியில்லாமல் பொருந்தி நெஞ்சு மேலெழுகிறதா? பை அலமாரியில் பூட்டிக் கிடக்கிறதா, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா? நான் மார்க் போடுவதாக இருந்தால் பூந்தொட்டிக்கு உள்ளதையெல்லாம் எடுத்து இந்த ஒரு நிமிடத்துக்குத்தான் கொடுப்பேன்.

பட்டியலுக்கு எட்டாத இடமும் ஒன்று உண்டு, டாக்டரும் நோயாளியும் உட்கார்ந்து பேசுகிற அந்தச் சில நிமிடம். மத்தியப் பிரதேச கிராமங்களிலும் டெல்லியிலும் பயிற்சி பெற்ற ஆட்களை நோயாளிகளாக நடிக்கவைத்து அனுப்பி, 2012ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கிராமங்களில் ஒரு நோயாளிக்குச் சராசரியாக 4 நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. தெரிந்ததைக்கூட எதிரே நோயாளி வந்து உட்காரும்போது செய்யாமல் விட்டுவிடுகிறார்கள் என்பதை இதே வழியில் நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஆய்வாளர் பக்கத்தில் நிற்கும் அன்றைக்கு மட்டும் எல்லாரும் கவனமாகத்தான் இருப்பார்கள்.

அதனால்தான் அவர் வெளியே வந்து, மருந்து வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பும் ஒரு பாட்டியை நிறுத்துகிறார். 'அம்மா, இந்த மாத்திரை எதுக்குன்னு சொன்னாங்களா? எப்பப்போ சாப்பிடணும்? தீர்ந்துட்டா என்ன பண்ணணும்?' பாட்டி கவரைப் பிரித்து, வெள்ளை மாத்திரை பிரஷருக்கு, காலையில் ஒன்று, முடிவதற்கு ரெண்டு நாள் முன்னாடியே வரச் சொன்னார்கள் என்று சொன்னால் 2 போடுகிறார். 'தெரியலப்பா, குடுத்தாங்க' என்றால் 0.