மதிப்பெண் சரியும்போது மூளையில் என்ன நடக்கிறது?

அமெரிக்கச் சட்டக் கல்லூரிச் சேர்க்கைக்கான எல்சாட் (LSAT) தேர்வுக்குத் தயாராகும் பலருக்கு ஒரு கட்டம் வரும். இரண்டு மாதமாக ஏறிவந்த மாதிரித் தேர்வு மதிப்பெண் 163-லிருந்து 159-க்கு இறங்கும். பயந்துபோய்ப் படிக்கும் நேரத்தைக் கூட்டுவார்கள். அடுத்த வாரம் 158 வரும். தூக்கத்தைக் குறைத்து இன்னும் கூட்டுவார்கள். கடைசியில், ‘நமக்கு இவ்வளவுதான்’ என்று தங்களுக்குத் தாங்களே தீர்ப்பு எழுதிக்கொள்வார்கள். அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறானது.

முதலில் அந்த எண்ணையே பார்ப்போம். எல்சாட் மதிப்பெண் 120-லிருந்து 180 வரை. ஒருவரின் திறமை கொஞ்சமும் மாறாவிட்டாலும் மதிப்பெண் மேலும் கீழும் சுமார் 3 வரை ஆடும். தேர்வை நடத்தும் அமைப்பே மதிப்பெண்ணை அப்படியொரு வரம்போடுதான் தருகிறது. 163 என்பது 160 முதல் 166 வரை, 159 என்பது 156 முதல் 162 வரை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. ஆகவே ஒரு தேர்வின் சரிவை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கடைசி நான்கைந்து தேர்வுகளின் சராசரியை மட்டும் பாருங்கள்.

சராசரியே இறங்குகிறது என்றால் அதற்குக் காரணம் உண்டு. தர்க்கப் பகுதியில் 35 நிமிடத்தில் ஏறக்குறைய 25 கேள்விகள். ஒரு கேள்விக்கு 84 விநாடி. அதற்குள் வாதத்தின் முடிவு எது, ஆதாரம் எது, இடையில் சொல்லாமல் விட்டது எது என்பதை மனதில் நிறுத்தி, ஐந்து விடைகளையும் அதோடு உரசிப் பார்க்க வேண்டும். இந்த வேலையைச் செய்வது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணி. பதற்றம் முதலில் தாக்குவதும் அதைத்தான். நார்அட்ரினலின், டோபமின் என்ற மூளை வேதிப்பொருள்கள் அளவாகச் சுரந்தால் அந்தப் பகுதி கூர்மையாக வேலை செய்யும். அளவு மீறினால் அங்குள்ள நரம்பணுக்களுக்கு இடையிலான தொடர்பு தளர்ந்துவிடும். ஒரே வரியை மூன்றாவது முறை வாசித்தும் பொருள் மனதில் ஏறாமல் நிற்பது, தவறென்று தள்ளிய விடையே மறுபடி சரிபோலத் தோன்றுவது எல்லாம் இதனால்தான்.

இது நொடிகளில் நடப்பது. மெதுவான வழி ஒன்றும் உண்டு. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் சுரக்கிறது. பதற்றம் தொடங்கி 20 முதல் 30 நிமிடத்தில்தான் அது உச்சத்தைத் தொடும். தேர்வின் முதல் பகுதியின் நடுவில் ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டு துடித்தால், அதன் உச்சம் வரும்போது இரண்டாம் பகுதி ஓடிக்கொண்டிருக்கும்.

இதே நிலை வாரக்கணக்கில் நீடித்தால்? 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், பெரிய தேர்வுக்காக ஒரு மாதம் கடும் அழுத்தத்தில் இருந்த மருத்துவ மாணவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் திறன் குறைந்திருந்தது. முன்மூளைப் புறணியின் இணைப்பும் தளர்ந்திருந்தது. அழுத்தம் குறைந்து ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது இரண்டும் திரும்பிவிட்டன. பர்ன்அவுட்டில், அதாவது தொடர் அழுத்தத்தால் முழுக்கச் சோர்ந்த நிலையில், இருப்பவர்கள் மனதில் பதித்துக்கொள்ள வேண்டிய செய்தி இது: திறமை அழிந்துபோகவில்லை.

தூக்கம் குறைந்தால் நிலைமை இன்னும் மோசம். 2003-இல் வந்த ஓர் ஆய்வில், இரண்டு வாரம் தினமும் 6 மணி நேரம் மட்டும் தூங்கியவர்களின் கவனம், இரவு முழுக்கக் கண்விழித்தவர்கள் அளவுக்குச் சரிந்தது. ஆனால் அவர்களுக்குத் தாங்கள் அவ்வளவு தடுமாறுவது தெரியவே இல்லை. ‘எனக்கு 6 மணி நேரம் போதும்’ என்ற நம்பிக்கையை இதனாலேயே நம்ப முடியாது. காபி விஷயமும் இதோடு சேர்ந்ததுதான்: குடித்த காஃபீனில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக் காபியின் பாதி இரவு 10 மணிக்கும் உடம்பில் இருக்கும்.

உங்களுக்கு இருப்பது களைப்பா, புரிதல் குறையா? கண்டுபிடிக்க நல்ல வழி இருக்கிறது. மாதிரித் தேர்வு எழுதும்போது சந்தேகம் வந்த கேள்விகளைக் குறித்து வையுங்கள். அன்று சரியான விடைகளின் பட்டியலைத் திறக்காதீர்கள். வேறு எதையும் படிக்கவும் வேண்டாம். மறுநாள் குறித்த கேள்விகளைக் கடிகாரம் இல்லாமல் மறுபடி போட்டுவிட்டு, பிறகு இரண்டு மதிப்பெண்களையும் கணக்கிடுங்கள். நேரக்கட்டுப்பாடு இல்லாத மதிப்பெண் நிலையாக நின்று, நேரம் வைத்து எழுதியது மட்டும் இறங்கினால் சிக்கல் பதற்றத்திலும் வேகத்திலும் இருக்கிறது. முதலிலிருந்தே இரண்டும் தாழ்வாக இருந்தால் தர்க்க வகைகளைத் திரும்பப் படிக்க வேண்டும். நன்றாக இருந்த இரண்டும் சேர்ந்து சரிந்தால் அது களைப்பு. அதற்கு இன்னொரு மாதிரித் தேர்வு மருந்தாகாது. நான்கு முதல் ஏழு நாள் புத்தகத்தை மூடிவைக்க வேண்டும்.

மாதிரித் தேர்வு வாரத்துக்கு ஒன்று போதும். கடைசி மாதத்தில் இரண்டு. எழுதிய நேரத்தைவிடத் தவறுகளை அலசும் நேரம் கூடுதலாக இருக்கட்டும். தேர்வு எழுதுவது அளப்பது மட்டுமே, கற்பது அலசும்போதுதான் நடக்கிறது. வாரத்தில் ஒரு நாள் முழு விடுப்பு.

தேர்வு நாளில் 90 விநாடி தாண்டியும் இரண்டு விடைகளுக்கு நடுவே ஊசலாடினால், ஒன்றைக் குறித்து, பிறகு திரும்பிப் பார்க்கத் திரையில் கொடி அடையாளம் போட்டுவிட்டு நகருங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள். நெஞ்சு படபடத்தால் மூக்கால் மூச்சிழுத்து, அதன்மேல் இன்னும் கொஞ்சம் இழுத்து, வாயால் நீளமாக விடுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் போதும். வெளிமூச்சு நீளும்போது மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கும். இரண்டாம் பகுதிக்குப் பிறகு வரும் 10 நிமிட இடைவேளையில் எழுந்து நடங்கள், முடிந்த பகுதியை நினைத்துப் பார்க்காதீர்கள். நான்கு பகுதிகளில் ஒன்று மதிப்பெண்ணில் சேராது, அது எது என்று யாருக்கும் சொல்ல மாட்டார்கள். உங்களைக் கலங்கடித்த பகுதியே அதுவாக இருக்கலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பின்மையும் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அன்றைக்கே பாருங்கள், தேர்வு நாளாக இருந்தாலும். தேர்வுக்கு இரண்டு வாரமே இருக்கும்போது, நேரம் வைத்து எழுதியது, வைக்காமல் எழுதியது என இரண்டு மதிப்பெண்களும் சேர்ந்து சரிந்தால், தேதியைத் தள்ளிப்போடுவதுதான் சரியான கணக்கு. எல்சாட்டை வாழ்நாளில் 7 முறை எழுதலாம்.