‘டக்’ கேட்டால் ரிலே நல்ல ரிலேயா?

ஹெட்லைட் மங்குகிறது, அல்லது ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. பானெட்டைத் திறந்து, சிறு கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்சான ரிலே மேல் விரலை வைத்து, சுவிட்சைப் போடச் சொல்வார்கள். ‘டக்’ என்று தட்டினால் “ரிலே ஓகே” என்று வேறு எங்கோ தேடப் போவார்கள். பாதி சோதனைதான் அது.

அந்தச் சின்ன டப்பாவுக்குள் இரண்டு தனித்தனி சர்க்யூட் உண்டு. 85, 86 என்று எண் போட்ட பின்களுக்கு நடுவே மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். அதன் தடை 80 ஓம் என்று வைத்துக்கொண்டால் 12 வோல்ட்டில் ஓடுவது 0.15 ஆம்பியர், ஸ்டியரிங் பக்கத்துச் சுவிட்ச் இதைச் சுலபமாகத் தாங்கும். சுருள் காந்தமாகி ஓர் இரும்புத் தகட்டை இழுக்கிறது, 30-ம் 87-ம் சேர்கின்றன. இரண்டு 60 வாட் ஹெட்லைட்டுக்கான 10 ஆம்பியரும் அந்த வழியாகப் போகிறது. நாம் கேட்பது தகடு அடிக்கும் சத்தம். 30-ம் 87-ம் தொடும் உலோக முனையான காண்டாக்ட் கரியாகிக் கிடந்தாலும் அது அடிக்கும்.

பெரும்பாலும் கெடுவதும் அந்தக் காண்டாக்ட்தான். ஃபேன் மோட்டாரை நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் காண்டாக்ட் பிரியும் இடத்தில் பொறி பறக்கிறது. வீட்டுக்கு வரும் ஏசி (மாறுதிசை) கரண்ட் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி சீக்கிரம் அணையும். ஒரே திசையில் ஓடும் பேட்டரியின் டிசியில் அந்த வசதி இல்லை. மேற்பரப்பு குழிவிழுந்து 0.1 ஓம் தடை ஏறினாலே போதும்: 10 ஆம்பியருக்கு 1 வோல்ட் போச்சு, டப்பாவுக்குள் 10 வாட் சூடு. பிளாஸ்டிக் பழுப்பேறுவது இதனால்தான். சில சமயம் காண்டாக்ட் உருகி ஒட்டிக்கொள்ளும். சாவியை எடுத்த பிறகும் ஃபேன் சுற்றி, காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கும்.

ரிலேயைக் கழற்றி ஓம் பார்ப்பதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. மீட்டர் அனுப்பும் துளி கரண்டில் கருகிய காண்டாக்ட்கூட நல்லதாகத் தெரியலாம். லைட் எரியும்போதே 30-க்கும் 87-க்கும் இடையே வோல்ட் பாருங்கள். 1 வோல்ட் காட்டினால் மாற்றிவிடலாம். மீட்டர் இல்லையா? மேலே அதே எண் அச்சடித்த ஹாரன் ரிலேயை இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள்.

சரி, புதிது வாங்கும்போது ஆம்பியரும் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதும் மட்டும் பார்த்தால் போதாது. வெளியே அச்சாக ஒரே மாதிரி இருந்தும், 30-ம் 86-ம் இடம் மாறிய ரிலேக்கள் உண்டு. பக்கவாட்டில் உள்ள வரைபடத்தைப் பழையதோடு ஒப்பிட வேண்டும். சுருளுக்குக் குறுக்கே டையோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) வைத்த ரிலேயென்றால் 86-க்குத்தான் பாசிட்டிவ். மாற்றிக் கொடுத்தால் டையோடு வழியே ஷார்ட் ஆகிவிடும்.

இக்னிஷனை அணைத்து, நேராக மேலே இழுத்துக் கழற்றுங்கள். ஆட்டி ஆட்டிப் பிடுங்கினால் சாக்கெட்டின் கவ்விகள் விரிந்து, அங்கேயே அடுத்த சூடு ஆரம்பிக்கும். கவ்வி இறுக்கமாக இருந்தும் புது ரிலே சீக்கிரமே கருகினால் 40 ஆம்பியர் ரிலே தேடி அலையாமல், மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரில் பாருங்கள். பேரிங் இறுகியிருக்க வாய்ப்பு அதிகம்.