மேடையில் சொன்ன வார்த்தையை அப்படியே பிடித்து வையுங்கள்

தேர்தல் நெருங்கினால் தென்னாப்பிரிக்காவில், டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் கோயில் வாசல்களில் வேட்பாளர்களைப் பார்க்கலாம். காவடிக்கும் மாரியம்மன் கஞ்சிப் பூஜைக்கும் கூட்டம் சேரும், மைக்கும் தயாராக இருக்கும். குப்பை, தண்ணீர், மின்சாரம் என்று பேசிக்கொண்டு வந்தவர் நடுவில் தன்பாலீர்ப்பாளர்களை இழுத்து நாலு வார்த்தை ஏசினால் சுலபமாகக் கைதட்டல் கிடைத்துவிடுகிறது. அந்தக் கூட்டத்தில் யாருடைய பிள்ளை தலைகுனிந்து நிற்கிறது என்பது மேடைக்குத் தெரியாது. இப்படிப் பேசியவரிடம் கணக்குக் கேட்க இந்த நாட்டில் வழி இருக்கிறது. சட்ட உதவிப் பணியில் இருப்பவர்களாக அந்த வழியை இங்கே எழுதுகிறோம்.

இந்தப் பேச்செல்லாம் ஒரே ரகமல்ல. 2006 செப்டம்பரில், ஒரே பாலினத்தவர் திருமண மசோதா நாடாளுமன்றத்தில் இருந்தபோது, பின்னாளில் ஜனாதிபதியான ஜேக்கப் ஸூமா குவாடுகுஸாவில் பேசினார். நம் பெரியவர்கள் இன்னும் ஸ்டாங்கர் என்று சொல்கிற ஊர் அது. அந்தத் திருமணம் நாட்டுக்கும் கடவுளுக்கும் அவமானம் என்றார். தன் இளமைக்காலத்தில் ஒரு தன்பாலீர்ப்பாளர் எதிரே வந்து நின்றிருந்தால் அடித்து வீழ்த்தியிருப்பேன் என்றும் சொன்னார். கண்டனம் எழுந்ததும் மன்னிப்புக் கேட்டார். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில்தான் சட்டத்தின் கோடு ஓடுகிறது. முதலாவது எவ்வளவு கசந்தாலும் அரசியல் கருத்து, இரண்டாவது அடிப்பேன் என்கிற வன்முறைப் பேச்சு. புகார் எழுதுகிறவர்கள் பலர் முதலாவதைப் பக்கம் பக்கமாக எழுதி, இரண்டாவதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். புகார் அங்கேயே நொண்டத் தொடங்குகிறது.

‘நாங்கள் வந்தால் அந்தத் திருமணச் சட்டத்தை எடுத்துவிடுவோம்’ என்ற வாக்குறுதிக்குப் புகாரைவிடக் கேள்வியே நல்ல பதில். 2005 டிசம்பர் 1இல் அரசியலமைப்பு நீதிமன்றம் நாடாளுமன்றத்துக்கு ஓராண்டு கெடு கொடுத்ததால் பிறந்தது 2006ஆம் ஆண்டுச் சட்டம். அதை மட்டும் ரத்து செய்தால் நீதிமன்றத்தில் நிற்காது. சமத்துவ உரிமை தரும் அரசியலமைப்பின் 9ஆம் பிரிவையே மாற்ற வேண்டும். அதற்குத் தேசிய சபையின் 400 பேரில் 267 பேரும், மேல்சபையில் 9 மாகாணங்களில் 6 மாகாணங்களும் சம்மதிக்க வேண்டும். வார்டு கவுன்சிலருக்கு நிற்பவர் இதைச் சொல்லி ஓட்டுக் கேட்டால், தன் கையில் இல்லாததை விற்கிறார். எழுந்து கேளுங்கள்: “ஐயா, 267 உங்களிடம் இருக்கிறதா?”

‘நம் பண்பாட்டில் இல்லை’ என்ற வாதம் நம்மவர்களிடம் எடுபடுவது வேதனை. 1913 மார்ச்சில் நீதிபதி சேர்ல் கொடுத்த தீர்ப்பால் நம் பாட்டி, பூட்டிகளின் கல்யாணம் இந்த நாட்டில் செல்லாததாகிப்போனது. அதை எதிர்த்து எழுந்த போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை, 1914 பிப்ரவரியில் உயிர்விட்டார். யாருடைய கல்யாணம் கல்யாணம் என்று அரசு முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதை அனுபவித்த சமூகம் நாம்.

இனி வெறுப்புப் பேச்சு. 2008இல் ஜோன் க்வெலானே எழுதிய பத்திரிகைப் பத்தி, தன்பாலீர்ப்பாளர்களை மிருகங்களோடு சேர்த்துப் பேசியது. 2021 ஜூலை 31இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை வெறுப்புப் பேச்சு என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், சமத்துவச் சட்டத்தின் 10ஆம் பிரிவில் இருந்த ‘புண்படுத்தும்’ என்ற சொல்லை நீக்கியது. ஆகவே ‘மனம் புண்பட்டது’ என்று மட்டும் எழுதினால் போதாது. தீங்கு விளைவிக்கும் அல்லது தீங்கைத் தூண்டும் தெளிவான நோக்கம், அதோடு வெறுப்பைப் பரப்பும் நோக்கம், இரண்டும் அந்தப் பேச்சில் தெரிகின்றன என்று காட்ட வேண்டும்.

காட்டுவதற்குச் சரியான வார்த்தைகள் வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் 20 நொடித் துண்டு உதவாது. முன்னும் பின்னும் வெட்டிவிட்டார்கள் என்று எதிர்த்தரப்பு சொல்லும். பேச்சு முழுவதையும், முடியாவிட்டால் அந்த வாக்கியத்துக்கு முன்னும் பின்னும் சில நிமிடங்களையாவது பதிவு செய்யுங்கள். பதிவு செய்த கைபேசியில் மூலக் கோப்பு அப்படியே இருக்கட்டும். ஃபேஸ்புக் பதிவென்றால் முகவரி, தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பதிவைப் பிறகு அழித்துவிடுவார்கள். ஸூலுவில் பேசியதை ஸூலுவிலேயே எழுதுங்கள். மொழிபெயர்ப்பைப் பிறகு உறுதிமொழி பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்யட்டும். கேட்டவர்கள் இரண்டு பேர் அன்றைக்கே போலீஸ் நிலையத்தில் பிரமாண வாக்குமூலம் கொடுத்தால் பெரிய பலம். அதற்குக் கட்டணம் கிடையாது.

வன்முறையைத் தூண்டக்கூடிய பேச்சு, வேட்பாளர்கள் ஒப்புக்கொண்ட தேர்தல் நடத்தை விதிக்கே முரணானது. அதைத் தேர்தல் ஆணையத்திடம் கொண்டுபோங்கள். நாடாளுமன்ற, மாகாணத் தேர்தலில் தேர்தல் நீதிமன்றம் 2,00,000 ரேண்ட் வரை அபராதம் விதிக்கலாம், வேட்பாளரைத் தகுதிநீக்கமும் செய்யலாம். அந்த விதி பாகுபாட்டுக்குத் தரும் பட்டியலில் இனம், பால், மதம் எல்லாம் உண்டு, பாலீர்ப்பு இல்லை. அதனால் வன்முறை இல்லாத வெறுப்புக்கு, சமத்துவச் சட்டப் புகார்களைக் கேட்கும் சமத்துவ நீதிமன்றமே நல்ல வாசல். மாஜிஸ்திரேட் நீதிமன்ற எழுத்தரிடம் படிவம் 2 கேட்டு வாங்கி நிரப்பினால் போதும். கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. வானொலியில் வந்த பேச்சென்றால் 30 நாளுக்குள் ஒலிபரப்புப் புகார் ஆணையத்துக்கு எழுத வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: புகார் கொடுப்பவர் தன்பாலீர்ப்பாளராக இருக்க வேண்டியதில்லை. பொதுநலன் கருதி அம்மா கொடுக்கலாம், அத்தை கொடுக்கலாம், ஒரு சங்கமே கொடுக்கலாம். வீட்டில் இன்னும் சொல்லாத பிள்ளையின் பெயரை எந்தப் படிவத்திலும் எழுத வேண்டாம்.

கோயில் கமிட்டிகள் முன்னதாகவே ஒரு காரியம் செய்யலாம். பேச வரும் எல்லாக் கட்சிக்காரரிடமும் ஒரே தாளில் கையெழுத்து வாங்குங்கள்: ஐந்து நிமிடம், யாரையும் இழிவாகப் பேசக் கூடாது, மீறினால் பேச்சு நிற்கும். மீறினால் தலைவர் மைக்கை வாங்கி, “இங்கே வந்திருக்கிற எல்லோரும் அம்மனுடைய பிள்ளைகள், பிரசாதத்துக்கு வரிசையில் வாங்க” என்று சொல்லிவிடலாம்.