ஒட்டுவில்லையை விட்டு அடிப்பாகத்தைப் பாருங்கள்

சென்ற வாரம் ஈசூனிலிருந்து ஓர் அம்மா, துண்டில் சுற்றிய பச்சைக் கண்ணாடி யானையுடன் வந்தார். இணையத்தில் 380 வெள்ளிக்கு வாங்கியதாம். "அசல் முரானோ, தம்பி. ஒட்டுவில்லை கூட இருக்கிறது" என்றார். முரானோ என்பது இத்தாலியின் வெனிஸ் அருகே, கையால் செய்யும் கண்ணாடிக்குப் பெயர்போன தீவு.

தும்பிக்கையிலிருந்து வயிறு வரை நகத்தால் வருடினேன். மெல்லிய வரப்பு ஒன்று விடாமல் ஓடியது. அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த தழும்பு அது. கால்கள் நான்கும் அச்சு அசல் ஒரே அளவு. உலை முன் உட்கார்ந்து, இளகிய கண்ணாடியை இடுக்கியால் இழுத்துச் செய்தால் ஒரு கால் சற்றுத் தடிக்கும், ஒரு காது சற்றுச் சாயும். செய்யும்போது பிடித்திருந்த இரும்புக் கம்பியிலிருந்து பிரித்த இடத்தில் வடுவோ, அதைத் தேய்த்து மெருகேற்றிய வட்டமோ அடியில் தெரியும். இந்த யானையில் இரண்டுமே இல்லை.

வெனிஸ் குடியரசு 1291இல் தீவிபத்துக்கு அஞ்சிக் கண்ணாடி உலைகளை முரானோ தீவுக்கு அனுப்பியது. அந்தப் பெயரைக் காக்க 1994இல் வெனெட்டோ வட்டார அரசு சட்டமே இயற்றியது. ஆனாலும் ஒட்டுவில்லை வெறும் காகிதம்தான், யாரும் ஒட்டலாம். பல பழைய அசல் பொருள்களில் அது எப்போதோ உரிந்து போயிருக்கும்.

கனமாக இருந்தால் உயர்ந்தது என்பதும் தவறு. முரானோவின் மரபுக் கண்ணாடியில் ஈயம் கிடையாது. "24 விழுக்காடு ஈயப் பளிங்கு" என்று விற்றால் மட்டும் எடை உதவும். சமையலறைத் தராசு போதும். அந்த யானை 612 கிராம். தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்து, யானையை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுவதும் அமிழ்த்தினேன். தராசு 245 கிராம் கூடக் காட்டியது. 612ஐ 245ஆல் வகுத்தால் அடர்த்தி 2.5, சாதாரணக் கண்ணாடி. ஈயப் பளிங்கு என்றால் 2.9ஐ ஒட்டியோ மேலேயோ வரவேண்டும். உள்ளே காற்று அடைபட்ட பொருளுக்கு இந்தக் கணக்கு உதவாது.

புறஊதா விளக்கில் பச்சையாக ஒளிர்ந்தால் முரானோ என்று சிலர் விற்கிறார்கள். எனக்குக் கோபம் வரும் இடம் இது. அந்த ஒளி யுரேனியம் கலந்திருப்பதைச் சொல்லலாம், ஊரைச் சொல்லாது.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. ஆஸ்திரியாவின் ஸ்வரோவ்ஸ்கி நிறுவனம் செய்த பளிங்கு முள்ளெலி ஒன்றை, அன்ன முத்திரை இல்லாததால் போலி என்று நம்பி, 20 வெள்ளிக்குக் கொடுக்க ஒரு பெரியவர் வந்தார். அந்நிறுவனத்தின் பளிங்கு உருவங்கள் 1976இல் தொடங்கின. அன்னம் வந்தது 1980களின் இறுதியில்தான். உருப்பெருக்கியில் பார்த்தால் அடியில் 'எஸ்சி' என்ற, அந்நிறுவனத்தின் பழைய முத்திரை. அவர் கையாலேயே அதைப் பஞ்சில் பொதிந்து திருப்பிக் கொண்டுபோகச் சொன்னேன்.