வலிப்பை நிறுத்தியது சாவியா?

சென்ற மாதம் ஒரு தாய், தன் கைபேசியில் பதிவான வீடியோ ஒன்றை எனக்குக் காட்டினார். பதினேழு வயது மகன் கூடத்தில் விழுந்து துடிக்கிறான். 1 நிமிடம் 15 விநாடி ஆகும்போது தாய்மாமன் ஓடிவந்து, இறுக மூடிய விரல்களைப் பிரித்துப் பீரோச் சாவிக்கொத்தைத் திணிக்கிறார். 1 நிமிடம் 50 விநாடியில் துடிப்பு அடங்குகிறது. "பத்து நிமிஷம் வெட்டிச்சு டாக்டர், சாவியைக் கொடுத்ததும் நின்னுடுச்சு" என்றார் அந்த அம்மா. சாவி கீறிய காயம் பையனின் உள்ளங்கையில் இன்னும் ஆறியிருக்கவில்லை.

பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடுவதால், அடங்குவதற்குச் சற்று முன் எதைச் செய்தாலும் அதற்கே பெயர் கிடைக்கிறது. "தானாக எப்படி டாக்டர் நிற்கும்?" என்று அந்தத் தாய் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு விடை தேட, மூளையின் ஒற்றை நரம்பணு (நரம்புச் செல்) வரை இறங்க வேண்டும்.

தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி., தேர்த்திருவிழா இரைச்சலை நான்கு தெரு தள்ளி நின்று கேட்பதைப் போன்றது; கூட்டத்தில் ஒருவர் என்ன பேசினார் என்பது அதில் தெரியாது. அந்தப் பதிவில் அலைகள் ஒரே சீராக எழுந்து விழுவதைப் பார்த்தே, வலிப்பின்போது நரம்பணுக்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து மின்துடிப்பை எழுப்புகின்றன என்று நெடுங்காலம் நம்பிவந்தோம். நானும் அப்படித்தான் படித்தேன்.

அமெரிக்காவில் வில்சன் ட்ருக்கோலோ, சிட்னி கேஷ் முதலானோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு அந்தப் படத்தை மாற்றியது. மாத்திரைகளுக்குக் கட்டுப்படாத வலிப்புக்காக, அறுவை சிகிச்சைக்கு முன் மூளையில் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்த நால்வரிடம், அவர்களின் சம்மதத்துடன், 4 மில்லிமீட்டர் சதுரத்தில் 96 நுண்முனைகள் கொண்ட ஒரு சில்லையும் மூளையின் மேலடுக்கான புறணியில் வைத்து, ஒவ்வொரு நரம்பணுவின் மின்துடிப்பையும் தனித்தனியே பதிவு செய்தார்கள். வலிப்பு தொடங்கிப் பரவும்போது சில அணுக்கள் வேகமெடுத்தன, சில தளர்ந்தன, சில வாயடைத்துப்போயின; அரிசி மணி அளவேயான ஓரிடத்திற்குள்ளும் ஒற்றுமை இல்லை. வலிப்பு தொடங்கிய இடத்திற்கு வெளியே இருந்த அணுக்களில் கூட, சில நிமிடங்களுக்கு முன்பே மாற்றம் தென்பட்டது. இதைப் படித்துவிட்டு "அப்படியானால் முன்கூட்டியே எச்சரிக்கும் கருவி வந்துவிட்டதா?" என்று கேட்பவர்களுக்கு, நான்கு பேரின் பதிவிலிருந்து அவ்வளவு தூரம் தாவ முடியாது என்றே சொல்வேன்.

நம் சாவிக்கு விடை சொல்வது அந்தப் பதிவின் கடைசிப் பகுதி. தொடக்கத்தில் ஆளுக்கொரு திசையில் இழுத்த அணுக்கள், முடிவில் மட்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மின்துடிப்பை நிறுத்தி, கிட்டத்தட்ட முழு மௌனத்தில் ஆழ்ந்தன. அந்த மௌனத்தைக் கொண்டுவருவது எது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் உண்டு; ஆனால் அது மூளைக்குள்ளிருந்தே வருகிறது, உள்ளங்கையில் வைத்த இரும்பிலிருந்து வருவதில்லை.

ஆகவே கையில் சாவியைத் திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கைகால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள். தலைக்கடியில் மடித்த துணி ஒன்றை வைத்து, ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். பதற்றத்தில் இரண்டு நிமிடம் பத்தாகத் தோன்றும் என்பதால் மனக்கணக்கு உதவாது. 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே மீண்டும் வெட்டினாலோ, தானாக நிற்கும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள். துடிப்பு நின்றபின் அவர் குழம்பிப் பேசலாம், அயர்ந்து தூங்கலாம். நன்றாகத் தெளிந்து, கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லும் வரை தண்ணீரோ சோடாவோ புகட்ட வேண்டாம், புரையேறிவிடும்.