டிரைவால்: உலர்சுவரா, ஜிப்சம் பலகையா?

அமெரிக்காவிலோ கனடாவிலோ வீடு வாங்கியவர்கள் ஒரு சாமி படம் மாட்ட வேண்டுமென்றால்கூட முதலில் சுவரைத் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். உள்ளே மரச்சட்டம் ஓடும் இடத்தில் கெட்டியாகச் சத்தம் கேட்கும், மற்ற இடமெல்லாம் பொள்ளல். அந்தப் பொள்ளலை மூடியிருக்கும் அரை அங்குலப் பலகைதான் டிரைவால்: நடுவில் ஜிப்சம் என்ற கனிமம், இரண்டு பக்கமும் தடித்த காகிதம். நம் ஊரில் பால்ஸ் சீலிங்குக்கு அடிக்கிற ஜிப்சம் போர்டும் இதே சரக்குதான்.

பெயரில் ‘டிரை’ ஏன் வந்தது? முன்பு அங்கே சட்டத்தின் மேல் மெல்லிய மரப்பட்டிகளை நெருக்கமாக அடித்து, அதன்மேல் ஈரச் சாந்தை இரண்டு மூன்று தடவை பூசுவார்கள். ஒவ்வொரு பூச்சும் காய்ந்தால்தான் அடுத்தது, அப்புறம்தான் வண்ணம். நியூயார்க்கைச் சேர்ந்த அகஸ்டின் சாக்கெட் 1894-இல் காகிதமும் சாந்தும் அடுக்கடுக்காக உள்ள பலகைக்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு யுனைடெட் ஸ்டேட்ஸ் ஜிப்சம் நிறுவனம் ‘ஷீட்ராக்’ என்று விற்றது, இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடுகள் வேகவேகமாக எழும்பியபோது பழைய பூச்சு வேலை ஓரங்கட்டப்பட்டது. ஈர வேலையும் காயக் காத்திருப்பதும் பெருமளவு போய்விட்டதால் அது உலர்ந்த சுவர். பிரிட்டனில் இதையே பிளாஸ்டர்போர்டு என்கிறார்கள், அதாவது சாந்துப் பலகை.

ஆனால் இந்த ‘உலர்ந்த’ பலகையில் உள்ள ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர்! படிகத்துக்குள் பிணைந்திருப்பதால் கையில் ஈரம் தெரியாது. ஜிப்சத்தைச் சுமார் 150 டிகிரிக்குச் சூடாக்கினால் அந்தத் தண்ணீரில் முக்கால் பங்கு போய், பள்ளிப் பாடத்தில் படித்த பாரிஸ் சாந்து கிடைக்கும். திரும்பத் தண்ணீர் சேர்த்தால் இறுகிவிடும். ஆலையில் அந்தக் கூழை இரண்டு காகிதங்களுக்கு நடுவே ஊற்றித்தான் பலகை ஆக்குகிறார்கள். தீப்பிடித்தால் பிணைந்த நீர் ஆவியாகி வெளியேறும், அது தீரும்வரை மறுபக்கம் அவ்வளவு சீக்கிரம் சூடேறாது. தீத்தடுப்புக்கு இதை நம்புவது இதனால்தான். வெளியிலிருந்து வரும் தண்ணீர்தான் ஆகாது, மேல்தளத்தில் ஒழுகினால் ஊறித் தொங்கிவிடும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘உலர்சுவர்’ நேர் மொழிபெயர்ப்பு. பலகை அடித்து முடித்த தடுப்புக்குப் பொருந்தும். ஆனால் சாந்தே இல்லாமல் கல்லை அடுக்கிக் கட்டும் சுவரையும் அப்படிச் சொல்ல இடமிருக்கிறது, போதாததற்கு ‘கூரையில் உலர்சுவர் அடித்தார்கள்’ என்று எழுதினால் யாருக்குப் புரியும்? சாந்துப் பலகை அழகான சொல், ஆனால் கொத்தனார் கையில் இருக்கும் பலகையாக எடுத்துக்கொள்வார்கள். ஜிப்சத்துக்குச் சித்த மருத்துவத்தில் கற்பூரச் சிலாசத்து என்ற பெயர் உண்டு, அதைக் கட்டட வேலைக்கு இழுத்துவர வேண்டாம். ‘ஜிப்சம்’ கிரேக்கத்தின் ‘ஜிப்சோஸ்’ என்பதிலிருந்து லத்தீன் வழியாக வந்த சொல். வேலைத்தளத்தில் எல்லோர் வாயிலும் புழங்குகிறது. ஆகவே பொருளைச் சொல்லும்போது ‘ஜிப்சம் பலகை’ என்றே எழுதுங்கள். கத்தியால் முன்காகிதத்தைக் கீறி, மடக்கென்று ஒடித்து, பின்காகிதத்தை அறுக்கிறார்களே, அவர்கள் கையில் இருப்பது பலகைதான். சட்டத்தில் திருகி, இணைப்பில் நாடா ஒட்டி, பட்டி பார்த்த பிறகுதான் அது சுவர்.