சித்தம்பூண்டிக் கல்லும் காணாமல் போன யூரோப்பியமும்

"சார், எங்க ஊர்க் கல்லு நிலாவிலிருந்து விழுந்ததாமே, நிஜமா?" போன வாரம் கேட்டவர் நாமக்கல் மாவட்டத்துக்காரர். இஸ்ரோ தன் லேண்டரையும் ரோவரையும் சோதித்துப் பார்க்க, அங்குள்ள சித்தம்பூண்டிப் பாறையை அரைத்துத்தான் செயற்கை நிலா மண் தயாரித்தது. பெருமை நியாயமானது. ஆனால் அந்தக் கல் எங்கிருந்தும் விழவில்லை.

என் மேசையில் அதில் ஒரு துண்டு கிடக்கிறது. தயிர்சாதத்தில் தாளித்த கடுகு மாதிரி, வெள்ளையில் அங்கங்கே கறுப்பு மணிகள். ஜன்னலோரம் திருப்பினால் வெள்ளை மணிகள் ஒவ்வொன்றாய் மின்னி அணையும். அந்த வெள்ளைதான் பிளேஜியோகிளேஸ். பூமியின் மேலோட்டில் பாதிக்கு மேல் நிறைந்திருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமக் குடும்பத்துப் பிள்ளை. இங்கே இருப்பது கால்சியம் மிகுந்த வகை. அது கிட்டத்தட்டத் தனியாகவே பாறையானால் அனார்த்தோசைட். நிலாவில் நமக்கு வெளேரென்று தெரியும் மேட்டு நிலமும் அதே ரகம்தான்.

1969இல் அப்பல்லோ 11 கொண்டுவந்த மண்ணில் சின்னச் சின்ன வெள்ளைத் துணுக்குகள் கலந்திருந்தன. அமெரிக்க விஞ்ஞானி ஜான் வுட் முதலானோர் அவற்றைப் பார்த்துத் துணிச்சலாக ஒரு முடிவுக்கு வந்தார்கள்: இளம் நிலா முழுக்கப் பாறைக்குழம்புக் கடலால் மூடிக் கிடந்தது, அது ஆறும்போது கனமான படிகங்கள் அடியில் தங்கின, லேசான பிளேஜியோகிளேஸ் மேலே மிதந்து ஆடையாகப் படிந்தது. சரி, காய்ச்சிய பாலைப் பார்த்த யாருக்கும் இது புரியும். மிதந்தது என்பதற்குச் சாட்சி என்ன?

யூரோப்பியம். எனக்கு மிகவும் பிடித்த சாட்சி இந்தத் தனிமம்தான்.

யூரோப்பியம் சேர்ந்த குடும்பமான அருமண் தனிமங்கள் (rare earths) ஒட்டிப் பிறந்தவை போல எங்கும் சேர்ந்தே திரியும். காரணம், பாறைக்குழம்பில் எல்லாவற்றுக்கும் மூன்று நேர்மின்னூட்டம், அளவும் கிட்டத்தட்ட ஒன்று. யூரோப்பியம் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. ஆக்ஸிஜன் தட்டுப்பாடான இடத்தில் அது இரண்டு மின்னூட்டத்தோடு நின்றுகொள்ளும். நிலாவில் அந்தத் தட்டுப்பாடு ஏராளம். கால்சியத்துக்கும் மின்னூட்டம் இரண்டுதான். ஆகவே பிளேஜியோகிளேஸ் படிகம் வளரும்போது, கால்சியத்துக்கான இடத்தில் யூரோப்பியம் நைசாக உட்கார்ந்துகொள்கிறது. உடன்பிறப்புகளுக்கு அங்கே இடம் பொருந்தாது, குழம்பிலேயே நின்றுவிடுகின்றன.

படிகம் மிதந்து மேலே போனது, யூரோப்பியமும் கூடவே போனது. பல கோடி ஆண்டுகள் கழித்து அடியில் தங்கியவை மீண்டும் உருகி, நிலாவின் கறுப்புச் சமவெளிகளாக வழிந்தன. அந்தக் கறுப்புப் பாறையில் அருமண் தனிமங்களை அளந்து வரிசையாக வரைபடத்தில் வைத்தால், யூரோப்பியம் வரவேண்டிய இடத்தில் பல் விழுந்த மாதிரி ஒரு பள்ளம். வெள்ளைப் பாறையிலோ அதே இடத்தில் துருத்திக்கொண்டு ஒரு மேடு. இங்கே குறைந்தது அங்கே கூடியிருக்கிறது! இதை முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

2023இல் தென்துருவத்தை ஒட்டிய பகுதியில் சந்திரயான்-3இன் பிரக்யான் ரோவர் 103 மீட்டர் ஓடி 23 இடங்களில் மண்ணை அளந்தது. அங்கும் இரும்பு கலந்த அனார்த்தோசைட் சாயல்தான். குழம்புக் கடல் கதைக்கு அது இன்னொரு பலம். இதற்கெல்லாம் செலவு தண்டம் என்பவர்களில் சிலர் சந்திர தோஷத்துக்குச் சந்திரகாந்தக் கல் மோதிரம் வாங்குகிறார்கள். அதுவும் ஃபெல்ட்ஸ்பார்தான், நிலாவோடு அதற்குள்ள உறவு பெயரளவில்தான்.

நாமக்கல்காரரின் கேள்விக்கு வருகிறேன். சித்தம்பூண்டிப் பாறை சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள்ளேயே உருவாகி, பிறகு ஆழத்தில் வெந்து நசுங்கியது. சாட்சி அந்தக் கடுகு. அது ஹார்ன்பிளெண்ட், நீரின் கூறு படிகத்துக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும் கனிமம். நிலாவின் வெள்ளைப் பாறையோ வறண்ட பாறை, அதில் இந்தக் கடுகைத் தேடினாலும் கிடைக்காது.